பதினாறு பக்கம் குறைந்த 'அல்கெமிஸ்ட்'

2009-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதையில் வாங்கிய பிரதி இது. பாரதி சாலை என்ற புதுப் பெயர் பலகையில் மட்டும்தான். பேரம் பேசி அறுபது ரூபாய். அச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், பசை வாசம் அடிக்கும். திருட்டுப் பதிப்பு என்று தெரிந்துதான் வாங்கினேன். அதற்கான தண்டனை பின்னால் வந்தது.

எழுதியவர் பிரேசில்காரர் பாவ்லோ கொயலோ. 1988-இல் போர்த்துகீசிய மொழியில் வெளிவந்த நாவல், ஆங்கிலத்துக்கு 1993-இல் வந்தது. தமிழில் 'ரசவாதி' என்று கிடைக்கிறது. ஸ்பெயினில் ஆடு மேய்க்கும் சாண்டியாகோவுக்கு எகிப்து பிரமிடு பக்கத்தில் புதையல் இருப்பதாகக் கனவு வருகிறது. ஆடுகளை விற்றுவிட்டுக் கிளம்பிவிடுகிறான். மேலே சொன்னால் படிக்காதவர்கள் திட்டுவார்கள்.

அப்போது மேன்ஷன் வாசம். மூன்று கட்டில் போட்ட அறை, பத்து மணிக்கு மேல் விளக்கு எரிந்தால் அறைவாசிகள் முறைப்பார்கள். வராண்டா விளக்கடியில் உட்கார்ந்து ஒரே இரவில் முடித்தேன். நான் தமிழ் மீடியம். அகராதியைத் தொடாமல் படித்து முடித்த முதல் ஆங்கிலப் புத்தகம் இதுதான். இந்த ஊரில் இது இவ்வளவு விற்பதற்குக் கதையைவிட அந்த எளிய ஆங்கிலம்தான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றும். முடித்தபோது வந்த கர்வத்தில் பாதி கொயலோவுக்கு, பாதி எனக்கு.

கதை முழுக்கச் சகுனம். பல்லி விழுந்த பலனைக் காலண்டரின் பின்பக்கத்தில் தேடும் ஊரில் இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? கேமரா விளம்பரத்தைப் பார்த்தால் சகுனம், பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தால் சகுனம். இரண்டே மாதத்தில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கிப் பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். கல்யாணப் போட்டோகிராபர் ஆவதுதான் என் பிரமிடு. எட்டு மாதத்தில் மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து. சாண்டியாகோவுக்கு அறை வாடகை இல்லை, ஊருக்கு மணியார்டர் இல்லை, கல்யாணத்துக்கு நிற்கும் தங்கையும் இல்லை. அறுபது ஆட்டையும் கணக்குப் பார்த்தவன் இதையெல்லாம் கணக்கில் கொண்டுவரவே இல்லை. புத்தகத்தின் மேல் எனக்கு இருக்கும் நிஜமான கோபம் இது ஒன்றுதான்.

அப்புறம் அந்தத் தண்டனை. மூன்று வருஷம் கழித்து நண்பனின் பிரதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, என்னுடையதில் ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கம், பைண்டிங்கிலேயே விட்டுப்போயிருக்கிறது. பாலைவனச் சோலையில் சாண்டியாகோ ஃபாத்திமாவைச் சந்தித்துக் காதலிக்கும் இடம். பின்னால் அவள் பெயர் வந்தபோதெல்லாம், முதலில் வரும் கம்பளி வியாபாரியின் மகள்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படித்திருக்கிறேன்! நாயகியே இல்லாமல் மூன்று முறை படித்தும் எதுவும் குறையாகத் தெரியவில்லை. இது என் மரமண்டையா, எழுதியவரின் குறையா? என் மனைவியிடம் கேட்டேன். அவள் முழுப் பிரதியைப் படித்தவள். "அவனுக்குப் புதையல், அவளுக்குக் காத்திருக்கிற வேலை. பக்கம் போனால் என்ன?" என்றாள்.

நான் அதிகம் திரும்பிப் படித்தது, மொராக்கோவின் டேன்ஜியர் நகரத்தில் நடக்கும் கண்ணாடிக் கடைப் பகுதி. காசைப் பறிகொடுத்த பையன், மேட்டுத் தெருவில் ஈயோட்டும் ஒரு கடையில் நுழைந்து, சாப்பாடு போட்டால் போதும், கண்ணாடிச் சாமான்களைத் துடைத்துத் தருகிறேன் என்கிறான். பிறகு வாசலில் அலமாரி வைக்கச் சொல்கிறான். மேடேறி வருகிறவர்களுக்குப் படிகக் கண்ணாடிக் குவளையிலேயே தேநீர் விற்கச் சொல்கிறான். கூட்டம் குவிகிறது. ஆன்மிகத்தை விடுங்கள், உருப்படியான வியாபார யோசனை!

கடன் கழுத்தை நெரித்தபோது எனக்குக் கை கொடுத்தது அதுதான். மேன்ஷனுக்குக் கீழே ஒரு பாய் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். "பின்னால் ஒரு வெள்ளைத் துணி கட்டிக்கொள்கிறேன் பாய், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துத் தருகிறேன், பாதிக்குப் பாதி" என்றேன். விண்ணப்பம் நகலெடுக்க வருகிறவர்களுக்குப் போட்டோவும் வேண்டியிருக்குமே. எட்டுப் படம் நாற்பது ரூபாய். ஜூன் மாதம் வந்தால் காலேஜ் அட்மிஷன் கூட்டம், நிற்க இடம் இருக்காது. கடன் அடைந்தது. இன்று அதே ஏரியாவில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ எனக்கு இருக்கிறது. கல்யாண ஆர்டர் எப்போதாவது வரும்.

நாவலின் கண்ணாடிக் கடைக்காரருக்கு மெக்கா போகும் ஆசை உண்டு, ஆனால் போகமாட்டார். போய்விட்டால் அப்புறம் எதற்காக வாழ்வது என்று பயம். இருபது வயதில் அவரைக் கோழை என்று தாண்டிப் போனேன். நாற்பதை நெருங்கும்போது, புத்தகத்தில் ரத்தமும் சதையுமாக இருப்பது அவர் ஒருவர்தான் என்று படுகிறது. பாலைவனத்தில் சாண்டியாகோவுக்கு வழிகாட்டும் ரசவாதி வாயைத் திறந்தால் நாள்காட்டி வாசகம். கடைக்காரர் பேசினால் மனுஷன் பேசுவது போல இருக்கும்.

பாய் 2017-இல் ஹஜ் போய்விட்டு நாற்பது நாள் கழித்து வந்தார். ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். கடைக்காரரின் கதையைச் சொன்னேன். ஜெராக்ஸ் மெஷினில் சிக்கிய தாளை உருவிக்கொண்டே கேட்டார். "அவருக்கு வயசுப் பிள்ளைங்க இல்லையா தம்பி? போய்ட்டு வந்தா அடுத்த நாள் கடையைத் தொறக்கணும். பயப்பட எங்க நேரம்?"

அந்தப் பதினாறு பக்கத்தையும் நண்பனின் பிரதியிலிருந்து நகலெடுத்துக் கொடுத்தவர் அவர்தான், காசு வாங்கவில்லை. நான் இன்னும் ஒட்டவில்லை, மடித்துக் கடைசி அட்டையில் சொருகியிருக்கிறேன். போன மாதம் ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் பையன் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனான். மறுநாள் காலையே ஷட்டரைத் தூக்கும்போது கேட்டான், "அண்ணா, நடுவுல பக்கம் போயிருக்கே, யார் இந்த ஃபாத்திமா?"