டெரிகாட்டனா, காட்டன் டிரில்லா? குமரியில் யூனிஃபார்ம் எடுக்கும்போது

யூனிஃபார்ம் துணியைக் கையில் வாங்கியதும் எல்லாரும் கசக்கிப் பார்ப்பார்கள். அது பெரிதாக எதையும் சொல்லாது. புதுத் துணியில் கஞ்சி நிற்கும், மொறமொறவென்று கனமாகத்தான் தெரியும். மூன்று தடவை துவைத்துக் காயப்போட்டால்தான் சரக்கு வெளியே வரும்.

போட்டி பெரும்பாலும் இரண்டுக்குள்தான்: பாலியஸ்டர் 65, பருத்தி 35 சதவீதம் கலந்த டெரிகாட்டன், சாய்வரி தெரியக் கெட்டியாக நெய்த முழுப் பருத்தி டிரில். உடம்புக்கு இதம் பருத்தி. வியர்வையை இழுத்துக்கொள்ளும், ஆனால் இழுத்ததைச் சீக்கிரம் விடாது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம் நம்முடையது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழைநாளில் துவைத்த டிரில் பேன்ட்டின் இடுப்புப் பட்டை மறுநாளும் ஈரமாக இருக்கும், பூஞ்சைப் புள்ளியும் விழும். டெரிகாட்டனோ ராத்திரி ஃபேனுக்கு அடியிலேயே காய்ந்துவிடும். அதிகம் சுருங்காது. வியர்வை வாடை தங்குவதும், மலிவு ரகத்தில் காலரிலும் தொடையிலும் பிசிறு உருள்வதும் அதன் குறைகள். ஆனாலும் ஆளுக்கு இரண்டே செட் கொடுக்கிற லாட்ஜுக்கும் ஹோட்டல் பரிமாறுபவர்களுக்கும் என் ஓட்டு டெரிகாட்டனுக்குத்தான்.

வெல்டிங், அடுப்படி வேலை என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். பாலியஸ்டர் சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அங்கே கனமான முழுப் பருத்திதான். கடைக்காரர் ‘சுத்தக் காட்டன்’ என்றால் ஓரத்திலிருந்து நாலு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலாகும். கலப்பு இருந்தால் நுனி கறுத்துக் கெட்டிப்படும்.

அப்புறம் தையல். துணி எவ்வளவு நல்லதானாலும் முதலில் விடுவது கவட்டுத் தையல். உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்: ஓரம் பிசிறாமல் போடும் வெறும் ஓவர்லாக்கோடு நிறுத்தியிருந்தால் வாங்காமல் திருப்பி வைத்துவிடலாம், மடித்த இரட்டைத் தையல் வேண்டும். சட்டையில் அங்குலத்துக்கு 10 முதல் 12 தையல் இருந்தால் சரி. சாயம் போகுமா என்று பார்க்க, நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் போதும். குளச்சல், சின்னமுட்டம் மாதிரி உப்புக் காற்றடிக்கும் இடங்களுக்கு இரும்பு ஜிப், ஹூக் ஆகாது. துருக்கறை துணியில் ஏறிவிடும்.

ரப்பர் பால் வெட்டுபவர்களுக்கு இவ்வளவும் பார்க்கத் தேவையில்லை. பால் உறைந்த கறை எந்தத் துணியிலிருந்தும் போகாது, பழைய சட்டையே போதும்.

மொத்தமாக ஆர்டர் கொடுப்பவர்கள் சம்மதித்த துணியில் ஒரு சாண் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். மாதிரி ஒன்று, வந்திறங்குவது வேறொன்று என்பது இந்த வியாபாரத்தில் புதிதல்ல.