ஏற்காட்டு ஈரத்தில் ஒரு பார்ட்டிகிள் போர்டு அலமாரி

சேலத்துக் கடையொன்றில் பிரித்த நிலையில் வாங்கி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டு வீட்டில் நாங்களே பொருத்திய, பார்ட்டிகிள் போர்டால் (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) ஆன ஆறடி அலமாரி, கொடுத்த விலைக்கு நல்ல பொருள்தான். ஆனால் அதன் கதவுகளுக்குக் கூடுதல் கவனிப்பு தேவை. கதவின் முகப்பில் மட்டும் லேமினேட் என்ற மெல்லிய மேல்தகட்டை ஒட்டியிருந்தால், மூடுபனிக் காலத்தில் இரு பக்கமும் வெவ்வேறு அளவில் ஈரத்தை இழுத்துக்கொள்ள, பலகை வில்லாக வளைந்துவிடும். இதில் இருபுறமும் ஒரே லேமினேட் இருப்பது பெரிய நிறை. குறை, கதவின் அடி விளிம்பு. அங்கே எட்ஜ் பேண்ட் என்ற, விளிம்பை மூடும் பட்டையை ஒட்டாமல் விட்டிருந்தார்கள். விரலால் தடவினால் மரத்தூள் சொரசொரவென்று உதிர்ந்தது. வார்னிஷ் பூசி நன்றாகக் காயவைத்த பிறகே கதவை மாட்டினோம். இதைத் தயாரிப்பாளரே செய்து தந்திருக்க வேண்டும்.

ஆறடிக் கதவுக்கு இரண்டு கீல்கள் போதவே போதா. நான்கு தந்திருப்பது பாராட்டுக்குரியது. பின்பலகையை ஆணியடிக்கும் முன் குறுக்காக மூலைக்கு மூலை அளந்து, இரு அளவும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். சட்டம் கோணினால், நேரான கதவும் வளைந்ததுபோலவே தெரியும். ஈரச் சுவரை ஒட்டி வைப்பதும், கதவில் நனைந்த குடையை மாட்டுவதும் கூடவே கூடாது.

சேலம் நகர வீடுகளுக்கு இதை இப்படியே வாங்கலாம். மலைவீட்டுக்கு வாங்குவோர் நான்கு விளிம்பும் மூடிய கதவுகளைக் கேட்டு வாங்குங்கள்.