மெடிக்கல் கவுன்சில் நோட்டீஸ் வந்தால் யார் துணை: பாலிசி வக்கீலா, சங்கமா, சொந்த வக்கீலா?

மருத்துவமனை நடத்தும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் "எந்தக் கம்பெனி இன்டெம்னிட்டி பாலிசி (சிகிச்சையில் தவறு என்று வழக்கு வந்தால் இழப்பீட்டை ஏற்கும் காப்பீடு) நல்லது?" என்றுதான். நுகர்வோர் ஆணையத்தில் ஒரு கோடி கேட்டு வழக்கு வந்தால் யார் கட்டுவது என்ற கவலை அது. 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்ததிலிருந்து நம் எல்லோருக்கும் இருக்கிற கவலைதான்.

ஆனால் அரும்பாக்கத்திலிருந்து, அதாவது டாக்டர்களைப் பதிவு செய்து, அவர்கள்மேல் வரும் புகார்களையும் விசாரிக்கும் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலிலிருந்து வரும் பதிவுத் தபால் வேறு ரகம். அங்கே பணப் பேச்சே கிடையாது. இழப்பீடு கொடு என்று சொல்லும் அதிகாரம் கவுன்சிலுக்கு இல்லை. எச்சரிக்கை செய்யலாம்; பதிவேட்டிலிருந்து உங்கள் பெயரைக் கொஞ்ச காலத்துக்கோ ஒரேயடியாகவோ எடுக்கலாம். பெயர் இல்லாத காலத்தில் ஒரு மருந்துச் சீட்டுகூட எழுத முடியாது. எவ்வளவு பெரிய பாலிசியும் இதை ஈடுகட்டாது.

எனக்கு அந்தத் தபால் வந்தது. நோயாளி யார் என்று தெரியக்கூடாது என்பதால் விவரங்களைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். டெங்கு காய்ச்சல். எங்களிடம் சேர்த்தார்கள், நிலைமை மாறியதும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம், அங்கே இறந்துபோனார். தாமதமாக அனுப்பினார்கள் என்பது குடும்பத்தின் புகார். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள்; கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் வருத்தம் இல்லை.

அப்போது என் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. நானே பதில் எழுதுவது, பாலிசி கம்பெனியின் பேனல் வக்கீலிடம் (கம்பெனி தன் பட்டியலிலிருந்து தரும் வக்கீல்) விடுவது, சங்கத்தின் உதவியைக் கேட்பது, சொந்தமாக ஒரு வக்கீல் வைத்துக்கொள்வது. நான் எடுத்தது கடைசி வழி. பாலிசியையும் விடவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

நானே எழுதுவது என்ற வழியை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். புகார் விளம்பரம் பற்றியதாகவோ, போர்டில் போட்ட பட்டம் பற்றியதாகவோ இருந்தால் 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்கு விதிகளை எடுத்துவைத்துக்கொண்டு நீங்களே பதில் எழுதிவிடலாம். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதிகளை அறிவித்து, அதே மாதத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டது. அதனால் பழைய 2002 விதிகள்தான் கையேடு. ஆனால் நோயாளி இறந்த வழக்கில் தனியாக எழுத உட்கார்ந்தால் மனசு ஒரு நிலையில் இருக்காது. ஒன்று தேவைக்கு மேல் மன்னிப்புக் கேட்போம், இல்லையென்றால் குடும்பத்தின்மேல் பழிபோடுவோம். இரண்டுமே கெடுதல்.

அடுத்து பாலிசி. கண்டிப்பாக வேண்டும், அதில் மறுபேச்சில்லை. வாங்கும்போது பார்க்க வேண்டியது பிரீமியத்தைவிடப் பின்தேதி, அதாவது எந்த நாளிலிருந்து நடந்த சிகிச்சைக்குக் காப்பு உண்டு என்று பாலிசியில் போட்டிருக்கும் தேதி. இந்தப் பாலிசிகள் பொதுவாக, புகார் எந்த நாளில் வருகிறதோ அன்றைக்கு நடப்பிலிருக்கும் பாலிசியின் கீழ் வருபவை. சிகிச்சை நடந்த தேதி, பாலிசியில் எழுதியிருக்கும் பின்தேதிக்குப் பிறகு இருக்க வேண்டும். புகார் வரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். ஒரு வருடம் புதுப்பிக்க மறந்து, அப்புறம் புதிதாக எடுத்தால் பின்தேதியும் புதிதாகிவிடும். அதற்கு முன் பார்த்த நோயாளிகள் எல்லோரும் காப்புக்கு வெளியே. ஓய்வு பெற்றவுடன் பாலிசியை நிறுத்துகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

சரி, அதே பாலிசி கவுன்சில் விசாரணைக்கு வக்கீல் செலவு தருமா? இது கம்பெனிக்குக் கம்பெனி, பாலிசிக்குப் பாலிசி மாறுகிறது. சிலவற்றில் தெளிவாக எழுதியிருக்கும். சிலவற்றில் இழப்பீட்டு வழக்குகளைப் பற்றி மட்டுமே இருக்கும். என் பாலிசியில் வாசகம் இரண்டு பக்கமும் இழுக்கிற மாதிரி இருந்தது. ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்பாமல், கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கத்தைப் பற்றி நான் குறைவாகத்தான் சொல்ல முடியும். இந்திய மருத்துவச் சங்கத்தின் மாநிலக் கிளைகள் நடத்தும் தொழில் பாதுகாப்புத் திட்டங்கள் பாலிசியைவிட மலிவு. இன்னொரு பெரிய பலம், உங்கள் துறையிலேயே மூத்தவர் ஒருவர் கேஸ் ஷீட்டைப் படித்துக் கருத்துச் சொல்வார். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்குத் தீர்ப்பு, தகுதியுள்ள வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் டாக்டர்மேல் குற்ற வழக்குக்குப் போகக்கூடாது என்றது. போலீஸ் ஸ்டேஷனில் அதை எடுத்துச் சொல்ல ஊர்க் கிளைச் செயலாளர் உடன் வந்தால் கிடைக்கும் தைரியமே தனி. கூட்டம் கூடி மருத்துவமனை வாசலில் நிற்கும்போதும் அவர்கள்தான் முதலில் வருவார்கள். கவுன்சில் விசாரணைக்குச் சங்கத்தை மட்டும் நம்பிப் போன ஒரு நண்பருக்கு நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் நான் அந்த வழியில் போகாததால், எல்லோருக்கும் அப்படி முடியும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை என்னைப் பொறுத்தவரை ஒரே ஒரு காகிதம்தான் தீர்மானிக்கிறது: நோட்டீஸுக்கு நாம் அனுப்பும் முதல் விளக்கம். அதை யார் எழுதுகிறார், யாருடைய நலனை மனதில் வைத்து எழுதுகிறார்?

நோட்டீஸ் வந்ததும் கம்பெனிக்குத் தெரிவித்தேன். பேனல் வக்கீல் மரியாதையான மனிதர், சீக்கிரமே ஒரு வரைவு அனுப்பினார். "மனுதாரரின் குற்றச்சாட்டுகள் அனைத்தும் முற்றிலும் பொய்யானவை, உள்நோக்கம் கொண்டவை" என்று தொடங்கி, ஒவ்வொரு பத்தியையும் மறுத்துக்கொண்டே போனது. நடுவில் பிளேட்லெட் எண்ணிக்கை கவனிக்கப்பட்டது என்று ஒரு வரி. நுகர்வோர் ஆணையத்தில் பதில் மனு இப்படித்தான் இருக்கும். எதையும் ஒப்புக்கொள்ளாதே, நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பு. பணத்தைக் காப்பாற்ற அது சரியான முறை.

கவுன்சிலில் அதைப் படிக்கப் போகிறவர்கள் டாக்டர்கள். டெங்கு பார்த்த எந்த டாக்டரும் பிளேட்லெட்டை மட்டும் பார்க்க மாட்டார். ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஏறியதா, ரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளி குறைந்ததா, குறைந்ததும் என்ன செய்தாய் என்றுதான் கேட்பார். எங்கள் நர்ஸ் எழுதிய சார்ட்டில் அது இருந்தது. மாலை 4 மணிக்கு 110/80. 5 மணிக்கு 100/80. இடைவெளி 30-லிருந்து 20 ஆகிவிட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் 100/80 நல்ல பிரஷர் மாதிரி தெரியும். டெங்குவில் அதுதான் அபாய மணி. அதற்குப் பக்கத்திலேயே குளுக்கோஸ் இல்லாத சலைன் எவ்வளவு வேகத்தில் ஏற்றினோம் என்று இருக்கிறது. ரெஃபரல் கடிதத்தில் நேரம் 5.20.

பேனல் வரைவில் இந்த மூன்று வரிகளும் இல்லை. நான் வைத்துக்கொண்ட வக்கீல் முதல் நாளே அந்தச் சார்ட்டின்மேல் விரலை வைத்து, "டாக்டர், 4 மணிக்கும் 5 மணிக்கும் நடுவுல என்ன ஆச்சுன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க" என்றார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். விளக்கம் மறுப்பாக இல்லாமல், மணிவாரியாக நடந்ததைச் சொல்லும் ஒரு கதையாக வந்தது. குடும்பத்தின்மேல் ஒரு கடுஞ்சொல் இல்லை. உள்நோக்கம் என்ற வார்த்தையை நாங்கள் எழுதவே இல்லை. நேரில் கூப்பிட்டபோது உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள் கிட்டத்தட்ட எல்லாமே அந்த 4 மணி, 5 மணி, 5.20-ஐச் சுற்றித்தான் இருந்தன. பதில்கள் ஏற்கெனவே அவர்கள் கையிலிருந்த காகிதத்தில் இருந்தன. புகார் மேல்நடவடிக்கை இல்லாமல் முடிந்தது.

அந்தக் காகிதம் கவுன்சிலோடு நிற்பதில்லை என்பது இன்னொரு காரணம். நாளைக்கு அதன் நகல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், போலீஸுக்கும் போகலாம். மூன்று இடத்திலும் நாம் சொல்வது ஒன்றாக இருக்க வேண்டும். கவுன்சில் முடிவுக்கு இருக்கும் எடையும் சாதாரணம் இல்லை. 2022-இல் ஹர்னேக் சிங் எதிர் குர்மித் சிங் வழக்கில், தேசிய நுகர்வோர் ஆணையம் இந்திய மருத்துவக் கவுன்சிலின் (இன்றைய தேசிய மருத்துவ ஆணையத்துக்கு முன்பிருந்த அமைப்பு) முடிவைக் கணக்கில் எடுக்காமல் விட்டது தவறு என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் குடும்பத்துக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. கவுன்சிலில் பணம் போகாது, அதனால் அங்கே ஏதோ ஒரு பதில் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கின் பாதி கவுன்சிலிலேயே முடிவாகிவிடுகிறது.

கார்ப்பரேட் மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் இளம் டாக்டர்களுக்கு இது இன்னும் பொருந்தும். "லீகல் டீம் பாத்துக்கும், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்பார்கள். அந்த டீமின் கட்சிக்காரர் மருத்துவமனை, நீங்கள் இல்லை. கவுன்சில் பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர்தான், மருத்துவமனையின் பெயர் இல்லை. அன்றைக்கு ஐசியூவில் படுக்கை இல்லை, டியூட்டியில் ஒரே ஒரு நர்ஸ்தான் இருந்தார் என்பது உங்களைக் காப்பாற்றும் உண்மையாக இருந்தால், அதை எழுதுவதில் மருத்துவமனைக்கு லாபம் இல்லை. அவர்கள் தரும் வரைவைக் கையெழுத்துப் போடுமுன் உங்கள் சொந்தச் செலவில் இன்னொருவரிடம் காட்டிவிடுங்கள். பிரிட்டனில் வேலை செய்யும் நம் டாக்டர்களுக்கு இது பழக்கமான விஷயம். அங்கே அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் தரும் காப்பு இழப்பீட்டு வழக்குகளுக்குத்தான். ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் விசாரணைக்கு எம்டியூ, எம்பிஎஸ் மாதிரி டாக்டர்களுக்கான பாதுகாப்பு அமைப்புகளில் தனியாக உறுப்பினர் ஆகிறார்கள். எம்டியூ 1885-லிருந்தே இருக்கிறது. நம்மிடம் அந்த அளவுக்கு வளர்ந்த ஏற்பாடு இல்லை, அதனால்தான் சொந்த வக்கீல் என்கிறேன்.

எப்படிப்பட்ட வக்கீல்? கோர்ட்டில் குரல் உயர்த்திப் பேசுகிறவர் இங்கே தேவையில்லை. வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையை 2002 விதிகளே தருகின்றன. ஆனாலும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். கேஸ் ஷீட் படிக்கப் பொறுமை உள்ளவர், தெரியாததைக் கூச்சப்படாமல் கேட்பவர் போதும். எம்பிபிஎஸ் முடித்துச் சட்டமும் படித்தவர்கள் இப்போது சென்னையிலும் மதுரையிலும் இருக்கிறார்கள், கிடைத்தால் நல்லது. செலவு உங்கள் கையிலிருந்துதான், ஆளுக்கு ஆள் மாறும். சொந்த வக்கீல் வைத்தாலும் கம்பெனிக்கு உடனே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக்கூடாது என்று பாலிசியில் பொதுவாக ஒரு நிபந்தனை இருக்கும். விளக்கத்தின் நகலை அனுப்புவதற்கு முன் அவர்களுக்கும் காட்டினால் பிற்பாடு சிக்கல் வராது.

எந்த வழியில் போனாலும் கேஸ் ஷீட் சரியில்லையென்றால் வக்கீலால் ஒன்றும் செய்ய முடியாது. உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. மீறினால் அதுவே தனிக் குற்றம். அதனால் நோட்டீஸ் வரும்போது பெரும்பாலும் நகல் அவர்கள் கையில் ஏற்கெனவே இருக்கும். அதற்கப்புறம் நம் பிரதியில் ஒரு எழுத்துக் கூடினாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சிகிச்சை நடக்கும்போதே தப்பாக எழுதியதைத் திருத்த வேண்டுமென்றால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, கையெழுத்தும் நேரமும் போடுங்கள். ஒயிட்னர் பாட்டிலை நர்ஸிங் ஸ்டேஷனில் வைக்கவே வைக்காதீர்கள்.

மேல்முறையீடு வரை நான் போகவில்லை. சட்டம் சொல்வது இதுதான்: மாநிலக் கவுன்சில் முடிவை எதிர்த்து 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30-ஆம் பிரிவுப்படி ஒழுக்கவியல் மற்றும் மருத்துவப் பதிவு வாரியத்துக்குப் போகலாம். வாரியத்தின் முடிவும் பாதகமாக இருந்தால் 60 நாளுக்குள் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு. அந்தக் கட்டத்தில் பேனல் வக்கீல் மேலா, சொந்த வக்கீல் மேலா என்று அனுபவத்தில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. போய் வந்தவர்கள் யாராவது எழுதினால் நானும் படிப்பேன்.