இழுவிசை ஒன்றே, பாய்ச்சல் வேறு: மூன்று வகை மர வில்கள்

கையால் செதுக்கிய மர வில்லை இழுவிசை (நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசை) சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் 45 பவுண்டு வில் இரண்டை அடுத்தடுத்து எய்தால் அம்பின் வேகமும் கையில் வரும் அதிர்வும் ஒன்றாக இருப்பதில்லை. லிம்பின், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதியின், வடிவம் செய்கிற வேலை அது.

ஒரே ஒரு வில் வாங்குவதானால் பிரமிட் வடிவத் தட்டை வில் போதும். கைப்பிடியருகே சுமார் 2 அங்குல அகலம், நுனியில் அரை அங்குலம், தடிமன் ஏறக்குறைய ஒரே சீர். அகலம் ஒழுங்காகக் குறைவதால் லிம்ப் வட்டத்தின் துண்டாக வளையும். அழுத்தம் ஓரிடத்தில் குவியாது. நுனியும் இலேசு. நாணை விட்டதும் லிம்பில் மிக வேகமாக நகர்வது நுனிதான். அங்கே கூடும் எடை அம்புக்குச் சேரவேண்டிய ஆற்றலைத் தின்றுவிடும். ஹிக்கரி, மேப்பிள், ஆஷ் மரங்கள் எல்லாம் இதற்கு ஒத்துவரும்.

வயிற்றுப்புறம் (எய்பவரை நோக்கிய பக்கம்) உருண்ட, ஒடுக்கமான நீள வில் பார்க்க அழகு. ஆனால் வளையும்போது அமுக்கம் முழுதும் அந்த உருண்டையின் உச்சியில் விழும். யூ மரத்தின் வைரம் (உள் மரம்) அதைத் தாங்கும், பட்டையை ஒட்டிய வெளி மரம் எதிர்ப்பக்கத்தில் நீட்சியைத் தாங்கும். அதே வடிவத்தை ஆஷில் செதுக்கினால் வில் நாண் பக்கம் நிரந்தரமாக வளைந்துவிடுகிறது. தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு, அகலம் இரட்டித்தால் இரண்டு மடங்குதான். ஒடுக்கமான வில் தடித்தே ஆகவேண்டியது இதனால்தான்.

நுனி முன்னோக்கி வளைந்த ரிகர்வ், இழுப்பின் தொடக்கத்திலேயே கனம் காட்டும், கடைசி அங்குலங்களில் திடீரென இறுகாது. சேமிக்கும் ஆற்றல் அதிகம். தொல்லையும் அதிகம்: நுனி சற்றே கோணினாலும் நாண் பக்கவாட்டில் நழுவி லிம்ப் முறுக்கிக்கொள்ளும். நீராவியில் வளைத்த நுனி ஈரக்காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக நிமிரவும் கூடும். புதியவர்களுக்கு இது வேண்டாம்.

வாங்குமுன் நாணைக் கழற்றிப் பாருங்கள். நாண் பக்க வளைவு 1 அங்குலத்துக்குள் இருந்தால் நல்லது, 2 அங்குலத்தைத் தாண்டினால் வில் சோம்பல். பிறகு நாணேற்றி, மெதுவாக இழுக்கச் சொல்லிப் பக்கத்திலிருந்து கவனியுங்கள். ஓரிடம் மட்டும் கீல்போல மடங்கினால் அங்கே சீவியது அதிகம். வயிற்றுப்புறத்தில் குறுக்காக மெல்லிய கீறல்கள் தெரிந்தால் மரம் நசுங்கத் தொடங்கிவிட்டது. எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.