மூசை உருக்கில் அடித்த கத்தி: எட்டு மாத அனுபவம்

நன்றாகப் பழுத்த தக்காளியின் தோலில் வைத்து இழுத்தேன். அழுத்தவே இல்லை, கத்தியின் கனத்திலேயே இறங்கிவிட்டது. முதல் நாள் எந்தக் கத்தியும் இப்படி வெட்டும். இது எட்டாவது மாதம். இடையில் சாணைக்கல்லில் தீட்டியது மூன்றே முறை.

அலகு 21 சென்டிமீட்டர். பெட்டியில் ‘ஊட்ஸ்’ என்று போட்டிருந்தது. நம் ‘உருக்கு’ அல்லது கன்னடத்து ‘உக்கு’தான் ஐரோப்பியர் வாயில் அப்படி மாறியது என்பார்கள். இரும்போடு ஆவாரங்கட்டையும் இலையும் உலோகம் உருக்கும் மண் குடுவையான மூசையில் போட்டு, வாயை மூடி உருக்கி, ஆறவிட்டு எடுத்த எஃகு அது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்விலும் பழைய உலைகள் கிடைத்திருக்கின்றன. 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். பின்னால் விஞ்ஞானி ஃபாரடேயும் இதை ஆராய்ந்தார். அந்த முறையை ஒட்டிச் செய்த உருக்கு என் சமையல் மேடையில் இருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

அலகைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் ஈர மணலில் தண்ணீர் வழிந்த தடம் போலக் கோடுகள் தெரியும். ‘டமாஸ்கஸ்’ என்று இப்போது விற்கும் கத்திகளில் பெரும்பாலும் இரண்டு வகை எஃகை அடுக்கி மடித்து வரி கொண்டுவருகிறார்கள். இதில் எஃகு ஒன்றுதான். கரிமம் 1.5 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் இரும்பும் கரிமமும் சேர்ந்த இரும்புக் கார்பைடு துகள்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அமிலம் தடவினால் அவை வெளியே தெரிகின்றன. அடிக்கும்போது சூடு மிஞ்சினால் துகள்கள் கரைந்து வரி அழிந்துவிடும். என் கத்தியில் பிடியை ஒட்டி, கட்டைவிரல் அகலத்துக்குக் கோடு மங்கியிருக்கிறது. அந்த இடத்தில் கொல்லருக்கு நெருப்பு கொஞ்சம் கூடியிருக்க வேண்டும். எனக்கு அது குறையாகவே படவில்லை. தினமும் முதலில் கண் போவது அங்கேதான்.

குறை வேறு இடத்தில். முதுகின் விளிம்பை மழுக்காமல் விட்டுவிட்டார்கள். கூடை நிறைய வெங்காயம் நறுக்கிய அன்று ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் தோல் உரிந்துவிட்டது. உப்புத்தாள் வாங்கி நானே தேய்த்துச் சரிசெய்தேன். கையால் செய்கிறவர் கடைசியாக இந்த வேலையையும் முடித்துக் கொடுத்திருக்கலாம்.

அப்புறம் துரு. எலுமிச்சை வெட்டிவிட்டு ஒரு தொலைபேசி அழைப்புக்காகப் போய் வந்தேன், அதற்குள் நுனியில் செம்புள்ளி வந்துவிட்டது. வெட்டியதும் கழுவித் துடைக்க வேண்டும், சில நாள் வெட்டாமல் வைப்பதானால் துளி எண்ணெய் தடவ வேண்டும். எலும்பில் போடவே கூடாது, வெட்டும் விளிம்பு சில்லுசில்லாகப் பெயர்ந்துவிடும். பாத்திரத் தொட்டியில் கத்தியைப் போட்டுவைக்கும் வீட்டுக்கு இது வேண்டாம்.

அதே கொல்லரிடம் பழம் நறுக்கச் சின்னதாக இன்னொன்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை முதுகை மழுக்கித் தரச் சொல்லி.