சை – ‘இமாஜினரி சொனிக்ஸ்கேப்’: ஓர்கனுக்கு முழுப் புள்ளி, வரிகளுக்கு இல்லை

ஜப்பானிய மெற்றல் (கனத்த கிற்றார் ரொக்) பாண்ட் ‘சை’ (ஆங்கிலத்தில் Sigh, பெருமூச்சு; தமிழில் எழுதினால் ஆச்சி முகம் சுளிக்கிற சத்தம் மாதிரி இருக்கிறது, என்ன செய்ய, பெயர் அதுதான்) 2001இல் வெளியிட்ட அல்பம் இது. பத்துப் பாட்டு, ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். யாழ்ப்பாணத்தில் மெற்றல் சீடி விற்கிற கடை எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. நான் கேட்டதெல்லாம் போன் டேட்டாவில்தான், அதுவும் பெரும்பாலும் வேலை செய்கிற சவுண்ட் சேர்விஸில் பெட்டிகளைச் சோதிக்கிற சாட்டில்.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிந்தால் அல்பம் இன்னும் ஆச்சரியமாக இருக்கும். 1993இல் முதல் அல்பத்தை வெளியிட்டது நோர்வேயின் ‘டெத்லைக் சைலன்ஸ்’. ‘மேஹெம்’ என்ற நோர்வே பாண்டின் கிற்றார்காரர் யூரோனிமஸ் நடத்திய இசைத்தட்டு நிறுவனம் அது. அவர் அந்த வருடம் ஓகஸ்டில் கொலையானார். அந்தக் கறுப்பு மெற்றல் (மெற்றலிலேயே இருண்ட, கரகரத்த வகை) கூட்டத்தில் தொடங்கிய மூன்று டோக்கியோக்காரர், எட்டு வருடத்தில் மினிமூக் சிந்தசைசர், ஹமொண்ட் ஓர்கன், குரலை இயந்திரக் குரலாக்குகிற வொக்கோடர் என்று 70களின் சாமான் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு இங்கே வந்து நிற்கிறார்கள். மிராய் கவஷிமா பாடுகிறார், பேஸ் வாசிக்கிறார், கீபோர்ட் பக்கம் முழுக்க அவர் கைதான்.

‘எ சன்செட் சோங்’ என்ற பாட்டைக் கடையின் பெரிய பெட்டியில் போட்டேன். கிற்றார் குதித்துக்கொண்டு வருகிறது, ட்ரம்ஸ் டிஸ்கோப் பக்கம் சாய்கிறது. வயர் சுற்றிக்கொண்டிருந்த அண்ணை தலையை ஆட்டிக்கொண்டே, “உது என்ன தம்பி, பைலா மாதிரிக் கிடக்கு?” என்றார். குரல் வந்ததும், “ஆளுக்குத் தொண்டை சரியில்லைப் போல” என்று திரும்பவும் வயரைச் சுற்றத் தொடங்கிவிட்டார். முதல் அரை நிமிடத்துக்கு அவருக்கும் பிடித்திருந்தது, அதுதான் எனக்குப் பெரிய விசயம். ஓர்கன் வருகிற இடங்களில் அடிச்சத்தமும் மேல்ச்சத்தமும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கின்றன. அந்தமாதிரி வேலை. பத்து நிமிடத்தைத் தாண்டும் ‘ஸ்லோட்டர்கார்டன் சூட்’ ஒரே பாட்டுக்குள் வேகத்தையும் நிறத்தையும் மாற்றிக்கொண்டே போகிறது. ஒரு இடத்திலும் நான் மணி பார்க்கவில்லை.

சரி, வரிகளுக்கு வருவோம். எல்லாம் ஆங்கிலம்.

பாட்டுத் தலைப்புகளை மட்டும் பாருங்கள்: ‘கோர்ப்ஸ்கிரை – ஏஞ்சல்ஃபோல்’, ‘ட்ரீம்ஸ்பியர்’, ‘ஸ்லோட்டர்கார்டன்’. பிணமும் அழுகையும், தேவதையும் வீழ்ச்சியும், கொலையும் தோட்டமும். இரண்டு ஆங்கிலச் சொல்லை எடுத்துப் பசை பூசி ஒட்டியிருக்கிறார்கள். ஜேர்மன் தத்துவஞானி நீட்சேயின் பெயர்கூட ஒரு தலைப்பில் கிடக்கிறது. உள்ளே வரிகளும் இதே சரக்குத்தான்: மெற்றல் கேட்கிற எவரும் நூறு தரம் கேட்ட மரணம், கனவு, நரகம். இசையில் யாரும் போகாத இடத்துக்குப் போகிற மனுசன், வாயைத் திறந்ததும் எல்லாரும் நிற்கிற வரிசையில் போய் நின்றுவிடுகிறார்.

“கரகரக் குரலில் யாருக்கு வரி விளங்கப் போகிறது?” என்று கேட்பார்கள். விளங்குகிறது என்பதுதான் சிக்கல். மிராயின் குரல் கரகரப்பானது என்றாலும் சொற்கள் காதில் விழுகின்றன. விழாத இடத்திலும் உச்சரிப்பு இடறுகிறது. ஜப்பானிய மொழியில் அசைகள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும். ஆங்கிலச் சொற்களோ மெய்யில் போய் முட்டி நிற்கும். ட்ரம்ஸ் ஒரு இடத்தில் அழுத்த, குரல் இன்னொரு இடத்தில் அழுத்துகிறது. வார்த்தையைத் தாளத்துக்குள் அடைக்கிற அவசரம் கேட்கிறது. குரல் ஓய்ந்து வாத்தியங்கள் மட்டும் ஓடும் இடங்களில் முழுப் பாண்டும் மூச்சு விடுகிறது.

ஜப்பான்காரர் ஆங்கிலத்தில் எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டு நிறுவனம், ஐரோப்பியச் சந்தை, காரணம் விளங்குகிறது. கொழும்பு மெற்றல் பாண்டுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பாடுகின்றன, நாங்களும் கேட்கிறோம். ஆனால் 1995இல் நோர்வேயின் ‘உல்வர்’ பாண்ட் தங்கள் முதல் அல்பத்தைப் பழைய டேனிஷ் கலந்த நோர்வீஜிய மொழியில் பாடியபோது அந்தச் சந்தை ஓடிப்போய்விடவில்லை. விளங்காமலே கேட்டார்கள்.

மிராயும் பிறகு அந்தப் பக்கம் வந்தார். 2018இல் வந்த ‘ஏர் டு டிஸ்பெயர்’ பெரும்பாலும் ஜப்பானிய மொழி. 2022இல் ‘ஷிகி’. அதில் வரிகளின் பொருள் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குரல் ட்ரம்ஸோடு சேர்ந்து விழுகிறது, வயதும் பயமும் தொண்டையில் இருக்கிறது. 2001இல் இதே ஆள் இப்படிப் பாடியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

(இன்னொன்று: இவர்களுடைய அல்பங்களின் முதலெழுத்துகளை வரிசையாக வைத்தால் S, I, G, H என்று பாண்டின் பெயரே திரும்பத் திரும்ப வரும். இந்த அல்பத்துக்கு ‘ஐ’ (I) முறை. இவ்வளவு கணக்குப் பார்க்கிறவர் வரிகளையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.)

புதிதாகக் கேட்பவர்கள் ‘எ சன்செட் சோங்’கில் தொடங்குங்கள், அடுத்து ‘ஸ்லோட்டர்கார்டன் சூட்’. போன் ஸ்பீக்கரில் வேண்டாம், ஓர்கன் செத்துப்போகும். நல்ல ஹெட்போன் போதும். வரிகளைத் தேடி வாசிக்கத் தேவையில்லை.