கல் வைத்த நகை வாங்கப் போகிறவர்கள் என் ஜிமிக்கிக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போங்கள்

நகைச் சீட்டு போடுகிற எல்லோருக்கும், அதிலும் என்னை மாதிரி வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து மாதாமாதம் கட்டுகிற பெண்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடிகிற வரைக்கும் போட மாட்டேன். மதுரையில் ஒரு பெரிய நகைக்கடை, அவ்வளவு போதும். பெயரைத் தெரிந்துகொண்டு அந்தக் கடையை மட்டும் ஒதுக்கிவிட்டு, பக்கத்துக் கடையில் போய் இதே மாதிரி ஏமாந்து வந்தால் நான் எழுதியதில் அர்த்தமே இல்லை.

2024 பிப்ரவரியில் சீட்டில் சேர்ந்தேன். மாதம் 3,000, பதினோரு மாதம். எனக்குச் சம்பளம் கிடையாது, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டில்தான் இருக்கிறேன். அக்கம்பக்கத்துப் புடவைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிற காசு கொஞ்சம், பால் கணக்கிலும் காய்கறியிலும் மிச்சம் பிடித்தது கொஞ்சம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது குடிக்கும் ஜிகர்தண்டாவை மாதத்துக்கு ஒன்றாகக் குறைத்தது என்று எல்லாம் சேர்த்துத்தான் அந்த மூவாயிரம். ஆசைப்பட்டது ஒரே ஒரு ஜிமிக்கி. சிவப்புக் கெம்புக் கல் வைத்து, அடியில் முத்து எதுவும் தொங்காமல், அம்மா கல்யாண போட்டோவில் போட்டிருக்கிறார்களே, அந்த மாதிரி. அம்மாவுடையது எப்போதோ அடகில் மூழ்கிப் போனது, அது வேறு கதை.

முதல் தப்பு சேர்ந்த அன்றே நடந்திருக்கிறது. "நீங்க கட்டுறது அன்னன்னைக்கு ரேட்டுல கிராமாவே ஏறிடும்க்கா" என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். பாஸ்புக்கில் தேதி, தொகை, எடை என்று மூன்று கட்டம் இருந்தது. எடைக் கட்டம் பதினோரு மாதமும் காலி. அதை நானும் ஒவ்வொரு மாதமும் பார்த்தேன், கம்ப்யூட்டரில் ஏறியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் வந்தேன். முடித்துக் கேட்டபோது, இது பணச் சீட்டு மேடம், கிராம் சீட்டு வேற ஸ்கீம் என்றார்கள். நான் சேர்ந்தபோது பவுன் சுமார் 47,000. வாங்கப் போனது 2025 பொங்கல் முடிந்த வாரம், கிராம் 7,450, அதாவது பவுன் 59,600. என் 33,000 ரூபாய்க்கு அன்றைக்கு நாலரை கிராம்கூட வரவில்லை. மாதாமாதம் கிராமாக ஏறியிருந்தால் கிட்டத்தட்ட ஐந்து கிராம் சேர்ந்திருக்கும். அரை கிராம் போச்சு. இதையாவது என் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம், படிவத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

(ஏன் எல்லாக் கடையிலும் பதினோரு மாதம் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. பொருள் வாங்குவதற்காகக் கொடுத்த முன்பணத்தை ஒரு கம்பெனி 365 நாளுக்குள் நேர் செய்யவில்லை என்றால் அது டெபாசிட் ஆகிவிடும் என்று, கம்பெனிகள் டெபாசிட் வாங்குவது பற்றிய 2014 விதிகளில் இருக்கிறது. அதனால்தான் பதினோரு தவணையில் முடித்து, உடனே நகையாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பணமாகக் கேட்டால் தர மாட்டார்கள், அதையும் சேரும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.)

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சீட்டுக்கு 18 சதவீதம் வரை சேதாரம் கிடையாது என்பதுதான் சலுகை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 18-க்குள் வரும் என்று தனித்தட்டில் எடுத்துப் போட்டதெல்லாம் குழந்தைகள் போடுகிற வளையமும் தட்டைத் தோடும்தான். ஜிமிக்கி என்று வாய் திறந்ததும் 22, 24 என்று போய்விட்டது. மேலே உள்ள நாலு சதவீதம் என் தலையில். ஏசி, ஆப்பிள் ஜூஸ், சின்னவனுக்கு ஒரு பலூன், "அக்கா உங்க முகத்துக்கு இதுதாங்க்கா" என்று கண்ணாடியைத் திருப்பித் திருப்பிக் காட்டிய பெண். பதினோரு மாதம் ஆசைப்பட்ட பொருள் காதில் தொங்கும்போது யாருக்குக் கணக்கு ஓடும்?

எஸ்டிமேட் இப்படி இருந்தது. மொத்த எடை 5.480. கல் 0.280 கழித்து நிகர எடை 5.200. அதற்குத் தங்கத்தின் விலை 38,740. கூடுதல் சேதாரம் 1,550. கல் விலை 1,650. எல்லாவற்றுக்கும் மூன்று சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 43,198. என் 33,000 போக 10,198 கையிலிருந்து. வீட்டுக்காரருக்கு போன் போட்டேன், ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு அனுப்பி வைத்தார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஜூனில் ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது. கூட்டுறவு வங்கிக்கு ஒரு ஜோடி வளையலையும் இந்த ஜிமிக்கியையும் எடுத்துப் போனேன். மதிப்பீட்டாளர் வயதானவர், ஜிமிக்கியைக் கையில் வாங்கியதும் கவிழ்த்துப் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். தராசில் வைத்தார். 5.480, சரியாக இருந்தது. "கல்லு, அரக்கு எல்லாம் போக நாலு முந்நூறுதான்மா எழுதுவேன்" என்றார். ஐந்து இருநூறு என்று பில்லில் போட்டிருக்கிறதே ஐயா என்று பில்லை நீட்டினேன். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை. "பில்லு அவங்க எழுதினது, நகை என் கையில இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

வங்கிக்காரர்கள் தங்கள் பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூடவே கழிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் வளையலை மட்டும் வைத்துவிட்டு நேராக தெற்காவணி மூல வீதிப் பக்கம் போனேன். அங்கே ஒரு சந்தில் என் மாமியாருக்குப் பழக்கமான ஆசாரி ஒருவர் இருக்கிறார். அவரிடம் கடைப் பெயரைச் சொல்லாமல், இதில் தங்கம் எவ்வளவு இருக்கும் என்று மட்டும் கேட்டேன். "ஒரு கல்லைக் கழட்டிப் பாக்கட்டுமாம்மா? திரும்பப் பதிச்சுத் தந்துருவேன்" என்றார். சரி என்றேன், ஆனால் நெஞ்சு அடித்துக்கொண்டது.

சாமணத்தால் நெம்பி ஒரு கல்லை எடுத்தார். கெம்பு என்று நான் நினைத்தது வெறும் கண்ணாடிக் கல். அதற்கு அடியில் மினுமினுப்புக்காக வைத்த ஒரு துளித் தாள், அதற்கும் அடியில் அரக்கு. கல்லைத் தராசில் போட்டார். முப்பது மில்லி, அதாவது 0.030 கிராம் காட்டியது. எல்லாம் ஒரே அளவுக் கல்தான், ஒரு காதுக்குப் பதினாலு, இரண்டுக்கும் சேர்த்து இருபத்தெட்டு. இருபத்தெட்டை முப்பதால் பெருக்கினால் 840 மில்லி. கடையில் கழித்தது 280. அதாவது கல்லுக்குப் பத்து மில்லி என்று குத்துமதிப்பாக ஒரு கணக்கு, அரக்குக்குக் கணக்கே இல்லை. அரக்கு ஒரு இருநூறு மில்லியாவது இருக்கும் என்றார் ஆசாரி. ஆக உள்ளே இருக்கிற தங்கம் 4.400 பக்கம்தான். எண்ணூறு மில்லி கண்ணாடிக்கும் அரக்குக்கும் நான் கிராம் 7,450 என்று தங்க விலை கொடுத்திருக்கிறேன். சேதாரமும் ஜிஎஸ்டியும் அதன் மேலேயும் ஏறியிருக்கிறது, 6,300-க்கு மேல் வருகிறது. இது போதாது என்று அதே கல்லுக்குத் தனியாக 1,650. ஒரே கண்ணாடிக்கு இரண்டு விலை!

இதில் கவனிக்க வேண்டியது, தங்கம் சுத்தமான தங்கம்தான். பிஐஎஸ் கேர் ஆப்பில் (பிஐஎஸ் என்பது ஹால்மார்க் முத்திரையைக் கவனிக்கிற மத்திய அரசு அமைப்பு) நகையில் இருந்த, நகைக்கு நகை மாறுகிற ஆறு எழுத்து ஹெச்யூஐடி எண்ணைப் போட்டுப் பார்த்தேன், 22 கேரட் 916 என்று சரியாக வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த எண் இல்லாமல் விற்கக் கூடாது என்பதால் நாமெல்லாம் அந்த முத்திரையை மட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக வந்துவிடுகிறோம். முத்திரை தங்கத்தின் தரத்தைத்தான் சொல்லும். உள்ளே எவ்வளவு தங்கம், எவ்வளவு அரக்கு என்பதை அது சொல்லாது.

கடைக்குப் போனேன். முதல் முறை மேனேஜர் ஊரில் இல்லை. இரண்டாம் முறை இருந்தார், ஆனால் "கல் நகைன்னா அப்படித்தான் மேடம், டிசைனைப் பொறுத்தது" என்றார். சரி, எந்த டிசைனுக்குக் கல்லுக்குப் பத்து மில்லி வரும் என்று கேட்டேன், கழட்டிய கல்லின் எடை எழுதிய சீட்டைக் காட்டினேன். வெளியே கழட்டின நகைக்கு நாங்க பொறுப்பில்லை என்று அடுத்த கதவைச் சாத்தினார். மாற்றிக்கொள்கிறேன், வேறு நகை கொடுங்கள் என்றால் கல்லையெல்லாம் கழித்து எடை போடுவார்களாம். எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டேன். கால்குலேட்டரைத் தட்டி ஒரு கிராம் என்றார்! விற்கும்போது 280 மில்லியாக இருந்த கல் திரும்ப வாங்கும்போது ஒரு கிராம் ஆகிவிட்டது. நான் சிரித்துவிட்டேன், அவருக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கே 1915-க்கு போன் செய்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண். புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள், கடைக்கும் அனுப்பினார்கள். பத்து நாள் கழித்துக் கடையிலிருந்து அழைப்பு, 3,000 ரூபாய் வவுச்சர் தருகிறோம், அடுத்த முறை வாங்கும்போது கழித்துக்கொள்ளலாம் என்று. அடுத்த முறையா! வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுத்தால் போதும், வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம். பில்லில் நிகர எடை 5.200 என்று அவர்களே அச்சடித்துக் கொடுத்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. வெறும் எஸ்டிமேட் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

அதனால் கல் நகை எடுத்தால் கூச்சப்படாமல் கேளுங்கள். கல் எத்தனை, ஒன்றின் எடை எவ்வளவு, அரக்கு எவ்வளவு, இதை நாளைக்கே திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள், நாலையும் பில்லின் பின்பக்கத்திலாவது எழுதி வாங்குங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் உண்மையான எடை வெளியே வரும். ஹால்மார்க் நகையின் பில்லில் நிகர எடை, கேரட், ஹால்மார்க் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது பிஐஎஸ் விதி, நாம் கேட்பது சலுகை இல்லை. பின்பக்கம் திறந்த அமைப்பில் உள்ள கல் நகை கிடைத்தால் இன்னும் நல்லது, அரக்கு ஒளிய இடம் இருக்காது. சீட்டில் எடைக் கட்டம் காலியாக இருந்தால் முதல் மாதமே கேளுங்கள்.

ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அதன் மேல் கோபமில்லை. ஆசாரி திரும்பப் பதித்த கல் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் கூடவே மின்னுகிறது.

நேற்று இதையெல்லாம் நாத்தனாரிடம் போனில் சொன்னேன். போன வருஷம் மகள் கல்யாணத்துக்கு நாலு பவுனில் கெம்பு ஆரம் எடுத்தார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு பீரோவைக் குடைந்து அந்த பில்லை எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தார். மொத்த எடை என்று ஒரே ஒரு கட்டம். நிகர எடை என்ற வரியே அதில் இல்லை.